அம்மா நீந்தவைத்த குதிரை

போன வாரம் நான் சொன்னதை நீங்கள் யாரும் நம்பவில்லை. கர்னி டிரைவ் கடலோரத்தில் நம் நடை முடிந்து, முழங்கால் வலி, சர்க்கரை அளவு, மருமகள் என்று பேச்சு வழக்கம்போல் சுற்றிக்கொண்டிருந்தது. பேரனைப் பத்து பெரிங்கிக்குக் கூட்டிப்போய்க் கடற்கரையில் குதிரைச் சவாரி ஏற்றிய கதையை உங்களில் ஒருவர் சொன்னார். "அலை காலுக்கடியில வந்து போகுது, அது பாட்டுக்கு நிக்குதுலா. எப்படித்தான் பழக்குறாங்களோ" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எங்கம்மா ஒரு பந்தயக் குதிரையவே கடல்ல நீந்தப் பழக்குனாங்க" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தீர்கள். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர் மட்டும் சிரிக்காமல், "பிரஷர் மாத்திரைய மாத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

நடந்துகொண்டே சொல்லக்கூடிய கதை இல்லை அது. நமக்கு இருக்கும் மூச்சுக்குப் பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதிவிட்டேன்.

அப்பா பந்தயத் திடலில் குதிரை பார்க்கும் வேலையில் இருந்தார். லாயத்துக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்று எங்களுக்கு. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். நான் ஒற்றைப் பிள்ளை. அப்பாவின் சட்டையில் எப்போதும் புல்லும் வியர்வையும் குதிரைக் காலுக்குத் தேய்க்கும் தைலமும் கலந்த ஒரு வாடை இருக்கும். இப்போதும் பஸ்ஸில் யாராவது தைலம் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் என் தலை தானாகத் திரும்பிவிடுகிறது.

அவர் பொறுப்பில் இருந்த குதிரைகளில் ஒன்று ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த பெண் குதிரை. கருஞ்சிவப்பு நிறம், நெற்றியில் வெள்ளையாக ஒரு கீற்று. பந்தயத் தாளில் அதற்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. அப்பா அதை 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் நாலு வார்த்தை பேசாத மனிதர், அதன் பிடரியைச் சீவிக்கொண்டே மணிக்கணக்கில் பேசுவார். எனக்கு ஆத்தா மேல் பொறாமை. அம்மாவுக்கும் பொறாமைதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா லாயத்துப் பக்கமே வரமாட்டார்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருஷம், ஒரு பந்தயத்தின் கடைசி வளைவில் ஆத்தாவின் முன்னங்கால் நரம்பு பிசகிவிட்டது. மூன்று மாதம் கொட்டடியிலேயே நின்றது. காலை ஊன்றும்போதெல்லாம் தலையை ஒரு வெட்டு வெட்டும். வீக்கம் வற்றவில்லை. "இனி ஓடாது" என்று குதிரை டாக்டர் சொல்லிவிட்டார்.

ஓடாத பந்தயக் குதிரைக்கு என்ன நடக்கும் என்பது லாயத்துப் பிள்ளைகளான எங்களுக்குத் தெரியும். யாரும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. ஒருநாள் காலையில் ஒரு கொட்டடி காலியாக இருக்கும். தரையைக் கழுவிவிட்டிருப்பார்கள். பெரியவர்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பார்கள்.

அப்பா ஆத்தாவின் உரிமையாளரான சீனத் தவுக்கேயிடம் போய் நின்றார். தவுக்கே கெட்டவர் இல்லை. "வருஷக் கடைசி வரைக்கும் வெச்சுக்கோ. நொண்டாம நடந்தா உனக்கே குடுத்துடறேன். நொண்டினா, டாக்டர் சொல்றபடி செய்வோம்" என்றாராம். பத்து பெரிங்கியில் மட்டக் குதிரைகளை வைத்துச் சவாரி விட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். நாங்கள் அவரைப் பாக் சிக் என்போம். நம் ஊர் 'மாமா' மாதிரி. தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையும் ஓர் அறையும் தருவதாகச் சொன்ன அவர், கடல் தண்ணீரில் தினமும் இரண்டு வேளை நிறுத்தினால் கால் வீக்கம் வற்றும் என்றும் சொன்னார். கால் சரியானால் ஆத்தாவைத் தன்னிடமே சவாரிக்கு வைத்துக்கொள்ளவும் தயார்.

ஆனால் அங்கே இருந்து யார் பார்ப்பது? அப்பா வேலையை விட்டால் வீடும் போய்விடும். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"நான் போறேன்" என்றார் அம்மா.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "குதிரைய மாடுன்னு நெனைச்சுக்கிட்டியா?"

"மாடுதான் பாத்திருக்கேன். இதுக்கும் காலு நாலுதானே? பிள்ளைக்கும் லீவு வுட்டாச்சு. கூட்டிக்கிட்டுப் போறேன்."

இப்படித்தான் அந்த ஆறு வாரம் எங்களுக்குக் கிடைத்தது.

நவம்பர் மழை ஓய்ந்திருந்தது. குதிரை ஏற்றும் லாரி தஞ்சோங் பூங்காவைத் தாண்டிய பிறகு பாதை மலைக்கும் கடலுக்கும் நடுவில் பாம்பாக வளைந்து போகும். உங்களுக்குத் தெரியாததா. ஆனால் அன்றைக்கு அங்கே அடுக்குமாடிகள் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் மரங்கள் விலகி, ஒரு துண்டுக் கடல் பளிச்சென்று தெரிந்து மறையும். நான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்து, பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

பத்து பெரிங்கியில் லாரியின் பின்கதவைத் திறந்து பலகையைச் சாய்த்தபோது ஆத்தா இறங்க மறுத்தது. அப்பா கெஞ்சினார், கொஞ்சினார். அது நகரவில்லை. அதன் பார்வை சவுக்கு மரங்களுக்கு இடையே போய்க் கடலில் நின்றுவிட்டது. காது இரண்டும் விறைத்து, தோல் முழுவதும் சிலிர்த்தது. ஓர் அலை வந்து உடைந்ததும் அது நீளமாக ஒரு மூச்சு விட்டது. அவ்வளவு நீளமான மூச்சை நான் எந்த உயிரிடமும் கேட்டதில்லை. கப்பலின் வயிற்றில் அடைபட்டு அந்தத் தண்ணீரைத் தாண்டி வந்த குதிரை, அதை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தது. நானும் அதற்கு முன்னால் அத்தனை பெரிய கடலைப் பார்த்ததில்லை. நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன்.

அப்பா கிளம்புமுன் அம்மாவுக்குக் கட்டளைகள் போட்டார். தீனி எவ்வளவு, தைலம் எப்போது, கட்டு எப்படி. கடைசியாக, "முழங்கால் அளவு தண்ணி. ஆத்தாவோட முழங்கால். அதுக்கு மேல ஒரு அடி போகக் கூடாது. கால் தடுமாறுச்சுன்னா அதோட முடிஞ்சுது. நீயும் முடிஞ்ச" என்றார். ஞாயிறு தோறும் மத்தியான பஸ்ஸில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு லாரியிலேயே திரும்பினார்.

எங்கள் அறையில் ஒரு பாயும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் இருந்தன. அடுப்பு எரியாத நேரத்திலும் மண்ணெண்ணெய் வாசம் இருக்கும். ஆத்தா பந்தயத்துக்குப் போகும்போது முதுகில் போடும் நீலக் கம்பளி ஒன்றை அப்பா கொடுத்தனுப்பியிருந்தார். ஊதக்காற்று அடிக்கும் விடியற்காலைகளில் அதைத்தான் போர்த்திக்கொள்வேன். உடம்பெல்லாம் குத்தும். அந்தக் கம்பளி பிறகு எந்தக் கைக்குப் போனது என்று தெரியவில்லை.

முதல் நாலைந்து நாள் அம்மா சொன்னபடிதான் செய்தார். கைலியை ஏற்றிச் செருகிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து, ஆத்தாவின் முழங்கால் அளவுத் தண்ணீரில் அரைமணி நேரம் நிற்பார். ஆத்தா மணலைப் பிராண்டும், மூக்கால் தண்ணீரைத் தட்டும். வெளியே வந்தால் அதே நொண்டல்தான்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, காலை நேரம். கடல் தட்டில் ஊற்றிவைத்த எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. அக்கரையில் கெடாவின் ஜெராய் மலை, கை நீட்டினால் தொடலாம் போல நீலமாக நின்றது. ஆத்தா மெதுவாகக் கழுத்தை நீட்டி ஆழத்தின் பக்கம் ஓர் அடி வைத்தது. அம்மா கயிற்றை இழுக்கவில்லை. ஆத்தா இன்னோர் அடி வைத்தது.

"ம்மா, அப்பா வேணாம்னாரு" என்றேன் கரையிலிருந்து.

"அவளே போகணும்னு கேக்குறா" என்றார் அம்மா. "நீ அந்தப் பாறையில ஏறி உக்காரு. எறங்காத."

நான் யானை படுத்த மாதிரிக் கிடந்த ஒரு பாறையில் ஏறினேன். தண்ணீர் ஆத்தாவின் வயிற்றைத் தொட்டது. அம்மாவின் மார்பைத் தொட்டது. அப்புறம் இரண்டு பேருக்கும் கீழே மணல் இல்லாமல் போயிற்று. ஆத்தாவின் தலை ஒரு முறை முங்கி எழுந்து, மூக்கு விடைத்து, 'ப்ர்ர் ப்ர்ர்' என்று ஊதத் தொடங்கியது. அம்மாவின் கைலி பின்னால் பலூனாக உப்பியது. நான் கத்த வாயெடுத்தேன். அம்மா ஒரு கையால் பிடரியைப் பற்றிக்கொண்டு மறுகையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, ஏதோ குழாயடிக்குப் போகிற மாதிரி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார்.

அவர்கள் என் பாறைக்கு அடியில் வந்தபோது நான் கீழே பார்த்தேன். தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி இருந்தது. அதற்குள்ளே ஆத்தாவின் நாலு கால்களும் ஓடிக்கொண்டிருந்தன. பந்தயத்தில் ஓடுகிற அதே ஓட்டம், ஆனால் மெதுவாக, எதையும் மிதிக்காமல், சத்தமே இல்லாமல். நோவுபட்ட காலும் மற்ற மூன்றோடு சேர்ந்து முழுசாக நீண்டு மடங்கியது. பக்கத்திலேயே அம்மாவின் கால்கள். வெளுத்த பாதங்கள், மெட்டி மினுங்கியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். இந்த வயது வரைக்கும் எத்தனையோ பார்த்துவிட்டேன், பேரப்பிள்ளைகள் பிறந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனாலும் அன்று பாறைமேல் வந்த மயிர்க்கூச்சம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததில்லை.

கரையேறியதும் அம்மா தலையைப் பிழிந்துகொண்டே, "அப்பாகிட்டச் சொல்லாத" என்றார். அவ்வளவுதான்.

அதன்பின் தினமும் இரண்டு வேளை நீச்சல். முதலில் பாறை வரைக்கும், பிறகு பாறையைச் சுற்றி, பிறகு அதற்கும் அப்பால். குடிசைகளை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்த நீளமுடி வெள்ளைக்காரர்கள் காலையில் வந்து மணலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். வலை உலர்த்தும் மீனவர்கள் கைவேலையை நிறுத்துவார்கள். பாக் சிக் தனக்குத் தெரிந்த தமிழில், "அக்கா மீன் மாதிரி" என்று என்னிடம் சொல்வார். பாக் சிக்கின் மனைவி மட்டும் வாசலில் நின்று நெஞ்சில் கைவைத்துக்கொள்வார்.

ஒரு நாள் அம்மாவை ஜெல்லி மீன் கொட்டிவிட்டது. இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சாட்டையால் அடித்த மாதிரி சிவந்த கோடுகள். பாக் சிக்கின் மனைவி ஓடிவந்து காடியை ஊற்றினார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய, "ஆத்தாவ கொட்டுச்சான்னு பாரு" என்று என்னை விரட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தபோது அம்மா அவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தார். குளிருது என்றார். அந்த வெயிலில் அதையும் அப்பா நம்பினார். அவர் கண் ஆத்தாவின் காலில்தான் இருந்தது. "வத்துதே! முழங்கால் தண்ணியிலேயே இப்படி வத்துதே!" என்று குதித்தார். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கடுத்த ஞாயிறு அப்பா காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

நான் பாறைமேல் இருந்தேன். திரும்பிப் பார்த்தால், கையில் டிபன் கேரியரோடு அப்பா சவுக்கு மரத்தடியில் நிற்கிறார். கொட்டகை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுக் கடலைப் பார்க்கிறார். தூரத்தில் இரண்டு புள்ளிகள். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. டிபன் கேரியர் கீழே விழுந்தது. அப்பா ஓடினார். சப்பாத்துக்காலோடு, கால்சட்டையோடு தண்ணீருக்குள் பாய்ந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவு போனதும் ஓர் அலை அவரைப் புரட்டிப் போட்டது. எழுந்து மறுபடி உள்ளே போனார். பாக் சிக் பின்னாலேயே ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அப்பா ஆத்தாவைக் கூப்பிடுவார் என்று நான் நினைத்தேன். அவர் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். திரும்பத் திரும்ப, தொண்டை கிழியும்படி. "ஏய்", "இந்தா" என்பதைத் தவிர அவர் அம்மாவை எப்படியும் அழைத்து நான் கேட்டதே இல்லை. அம்மாவுக்குப் பெயர் ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

புள்ளிகள் இரண்டும் திரும்பின. பெரிதாகிக்கொண்டே வந்தன. ஆத்தாவின் கால் மணலில் பட்டதும் அது தோளைக் குலுக்கிக்கொண்டு எழுந்தது. அதன் முதுகில் அம்மா. தலைமுடி அவிழ்ந்து, தண்ணீர் வழிய, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார். எங்கள் சமையல்கட்டில் பார்த்த அம்மாவாக அவர் இல்லை. யாரோ எனக்குத் தெரியாத ஒரு பெரிய மனுஷி.

இறங்கி அப்பாவின் முன்னால் வந்து நின்றார். அப்பா அவர் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த கோடுகளைப் பார்த்தார்.

"நீச்சல் தெரியுமா ஒனக்கு?"

"கிரியான் ஆத்தங்கரை எஸ்டேட்ல பொறந்தவ நான். மாட்டைப் புடிச்சுக்கிட்டே அக்கரைக்குப் போய் வருவோம்."

நிபோங் திபாலுக்குப் பக்கத்துத் தோட்டம் அது. அப்பா பெண் பார்க்கப் போன ஊர்.

"பன்னெண்டு வருஷமா சொல்லவே இல்லையே."

"குழாயடியில நின்னுக்கிட்டு நீச்சலப் பத்தி என்னத்தச் சொல்றது?"

பாக் சிக் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினார். அப்பா சிரிக்கவில்லை. கயிற்றை வாங்கி ஆத்தாவைக் கொஞ்ச தூரம் நடக்கவிட்டார். தலை வெட்டு மிகவும் குறைந்திருந்தது. அவர் நின்று, ஈரக் கால்சட்டையைப் பிழிந்தார். இனி இறங்கக்கூடாது என்று சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"கயித்த இடுப்புல சுத்திக்காத" என்றார் அம்மாவைப் பார்க்காமல். "கையில வெச்சுக்கோ. வேணும்னா வுட்டுடலாம்."

வருஷக் கடைசியில் தவுக்கேயும் குதிரை டாக்டரும் ஒரே காரில் வந்தார்கள். டாக்டரின் கையில் கறுப்புத் தோல் பை. துப்பாக்கி அதில்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. நான் பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கடல் நன்றாக வற்றியிருந்தது. மணல் வெகுதூரம் வரை ஈரமாக, வானத்தை அப்படியே காட்டிக்கொண்டு கிடந்தது. அப்பா ஆத்தாவைக் கயிற்றில் பிடித்து நடத்திக் காட்டினார். கயிற்றை அதன் மோவாய்க்கு அடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். ஆத்தா ஓர் அடிக்கு ஒருமுறை தலையை வெட்டியது. மூன்று வாரத்துக்கு முன்னாலிருந்த நொண்டல் திரும்ப வந்துவிட்ட மாதிரி இருந்தது. டாக்டர் தவுக்கேயைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"குடுங்க" என்று அம்மா போய்க் கையை நீட்டினார்.

"நீ சும்மா இரு."

"நீங்க பயப்படுறீங்க. அது அவளுக்குத் தெரியுது. குடுங்க."

டாக்டரும் தவுக்கேயும் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா கயிற்றைக் கொடுத்தார். அம்மா அதைத் தளரவிட்டு நடந்தார். ஆத்தா பக்கத்தில் நடந்தது. தலை நேராக இருந்தது. டாக்டர், "ஓடச் சொல்லு பாப்போம்" என்றார். கைலியோடு அம்மா எங்கே ஓடுவது? ஆத்தாவின் முகத்தில் இருந்த வாரை அவிழ்த்துத் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஆத்தா முதலில் துள்ளு நடையில் போனது. பிறகு கழுத்து நீண்டது. பிறகு பறந்தது.

உங்களுக்கு எப்படிச் சொல்வது. ஈர மணலுக்குள் இன்னொரு குதிரை தலைகீழாக அதன் குளம்போடு குளம்பு ஒட்டி ஓடியது. சத்தம் என் பாதத்தின் வழியாக ஏறியது. வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். மீனவர்கள் ஒதுங்கினார்கள். அது தெலுக் பஹாங் பக்கத்துப் பாறைகளை நோக்கிப் போய்ப் போய், கையளவாகி, விரலளவாகி, ஒரு கறுப்பு மணியானது.

"போச்சு" என்றார் அப்பா.

அம்மா கூப்பிடவில்லை. நடந்துபோய்க் கடலில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அந்தத் திசையைப் பார்த்து நின்றார். வெகு நேரம் மாதிரி இருந்தது. பிறகு அந்த மணி அசைந்தது. வளர்ந்தது. ஆத்தா கரையோடு வந்து, எங்கள் யாரையும் பார்க்காமல், தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு நேராக அம்மாவிடம் போய் நெற்றியை அவர் தோளில் வைத்தது.

டாக்டர் தண்ணீருக்குள் போய்க் காலைத் தடவிப் பார்த்தார். "பந்தயத்துக்கு ஆகாது" என்றார். "பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு நடக்கும். ரொம்ப வருஷம் நடக்கும்." அவர் பையைத் திறக்கவே இல்லை. தவுக்கே சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மணலில் பதிந்திருந்த குளம்படிகளைப் பார்த்தபடியே கொஞ்ச தூரம் தனியாக நடந்துபோனார்.

எட்டு வருஷமோ ஒன்பது வருஷமோ ஆத்தா பாக் சிக்கிடம் இருந்தது. அதன் முதுகில் ஏறி அழுத, சிரித்த பிள்ளைகளில் ஒருவேளை உங்களில் யாராவது கூட இருக்கலாம். கிழடாகி ஒரு மழைக்காலத்தில் படுத்தது, எழவில்லை. அம்மா அந்த லீவுக்குப் பிறகு கடலில் இறங்கி நான் பார்த்ததில்லை. குழாயடி, சமையல்கட்டு, பிறகு தொழிற்சாலை வேலை என்று அவர் நாட்கள் போய்விட்டன. அப்பாவுக்காகத்தான் அம்மா அங்கே வந்தார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது அவர் அன்றிருந்த வயதைப்போல் இரண்டு மடங்கு எனக்கு. அப்படித் தோன்றவில்லை.

பள்ளி திறப்பதற்கு முதல் நாள் மூன்று பேரும் நீல பஸ்ஸில் ஊர் திரும்பினோம். அம்மா ஜன்னலோரம், பக்கத்தில் அப்பா, பின் இருக்கையில் நான். முதல் இரண்டு மூன்று வளைவுகள் போயின. மரங்கள் விலகிக் கடல் பளிச்சென்று தெரியும், மறையும்.

அப்பா அம்மாவின் பக்கம் சாய்ந்து, ஒரு சின்னப் பையன் கேட்கிற மாதிரி தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஆழத்துல எப்படி இருக்கும்?"

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் கையைக் காட்டிக்காட்டிச் சொல்லத் தொடங்கினார். என்ஜின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தஞ்சோங் பூங்கா வரைக்கும் அவர் நிறுத்தவில்லை. அப்பா ஒரு வார்த்தையும் குறுக்கிடாமல், வாயைச் சற்றே திறந்தபடி, கடலைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்துக் கேட்டுக்கொண்டு வந்தார்.